காலிப் பாத்தி

போன மாதம் கவிதா போன் செய்தாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். நான் ரிட்டையர் ஆகிவிட்டு வந்த செக்‌ஷனில் இப்போது அவள்தான் சூப்பர்வைசர். "மேடம், தேனீ வர்ற மாதிரி செடிகள் வைக்கணும்னு மேலேயிருந்து ஆர்டர் வந்திருக்கு. மொனார்டா வாங்கி வச்சோம். ஒரு மழைகூடத் தாங்கலை. உங்ககிட்ட மட்டும் எப்படி நின்னுச்சு?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஆகியும் நான் இன்னும் விதை போடும் இடத்தைத் தாண்டவில்லை. "எழுதித் தாங்க மேடம். எனக்குத் தமிழ் வாசிக்க வராது, அம்மாவை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றாள். நல்ல பொண்ணு போ என்று அவளைத் திட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

மொனார்டாவுக்கு இங்கிலீஷில் பீ பாம் என்று இன்னொரு பெயர் உண்டு. அதைத் தமிழில் எழுதி ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நான் ஏன் மொனார்டா என்றே எழுதுகிறேன் என்பது புரியும். துளசி, புதினா குடும்பத்துச் செடி. தண்டு உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் கற்பூரவல்லியும் நார்த்தங்காய்த் தோலும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. தண்டின் உச்சியில் பரட்டைத் தலை மாதிரி சிவப்பாகப் பூக்கும். பூவின் ஒவ்வொரு பிரியும் ஒரு சின்னக் குழாய், குழாயின் அடியில் தேன். குளிர் தேசங்களில் ஒருமுறை வைத்துவிட்டால் வருஷா வருஷம் வேரிலிருந்து தானே துளிர்த்து வரும். தில்லியில் அதை வைப்பது, மே மாத மத்தியானத்தில் கம்பளி போர்த்திய ஒருத்தரை பஸ் ஸ்டாப்பில் நிறுத்துகிற மாதிரிதான்.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். தோட்டக்கலை படித்து, பரீட்சை எழுதி, மத்திய சர்க்காரின் தோட்டப் பிரிவில் வேலை கிடைத்து தில்லிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு அமைச்சகத்தில் கிளார்க் வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரவுண்டானா ரவுண்டானாவாகச் சாமந்தியும் பெட்டூனியாவும் நட்டேன். தோட்டக்காரர்களான மாலிகளிடம் ஹிந்தி கற்றுக்கொண்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும்போது கற்றது என்பதால் என் ஹிந்தி கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும்.

எங்கள் வேலையில் பாவம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது காலிப் பாத்தி. ஏப்ரலில் குளிர்காலப் பூக்களைப் பிடுங்கினால், அன்று சாயங்காலமே கோடைக்கால நாற்று மண்ணில் இருக்க வேண்டும். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். பூத்த தொட்டிகளை லாரியில் கொண்டுவந்து, பாத்தியில் குழி தோண்டி, தொட்டியைக் கழுத்துவரை இறக்கி, விளிம்பு தெரியாமல் மண்ணைத் தூவிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அங்கேயே முளைத்து வளர்ந்த மாதிரி இருக்கும். அவர் போன மறுநாள் தொட்டிகளை எடுத்து வேறு இடத்தில் புதைப்பார்கள். ஒரே சாமந்தி ஒரு வாரத்துக்குள் மூன்று மந்திரிகளைத் தரிசனம் செய்துவிடும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை, நானே நின்று எத்தனையோ தரம் செய்ய வைத்திருக்கிறேன்.

பிறகு சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். எந்த மாளிகை என்பது வேண்டாம். அங்கேதான் எனக்கு மேலதிகாரியாக தில்லான் சாகிப் வாய்த்தார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைத் தாடி, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தால் காலித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். நாற்காலி கொண்டுவந்தால் வேண்டாம் என்பார். மாலியிலிருந்து பெருக்குகிற அம்மாவரை எல்லோருக்கும் அவரிடம் ஒரு 'ஜி' உண்டு. நாம் என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ஃபிர்?" அதாவது, அப்புறம்?

"சார், நாற்றெல்லாம் வாடிடுச்சு."

"ஃபிர்?"

வாடிப்போச்சு என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ள அவர் விடவே மாட்டார். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று நம் வாயாலேயே சொல்ல வேண்டும். முதல் வருஷம் அந்த ஃபிர்ரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மொனார்டா அவருடைய ஆசைதான். மாளிகைச் சமையல்காரர் பின்பக்கம் வெள்ளரியும் பூசணியும் போட்டிருந்தார். பிஞ்சு கட்டைவிரல் அளவுக்கு வந்து, மஞ்சளாகி, உதிர்ந்துகொண்டே இருந்தது. தில்லான் சாகிப் தொட்டியில் உட்கார்ந்து ஒரு காலை முழுக்கப் பார்த்துவிட்டு, "தேனீ வரவில்லை" என்றார். "முன்னால் இவ்வளவு பூ இருக்கே சார்" என்றேன். "அதெல்லாம் நாம் பார்ப்பதற்கான பூ. அடுக்கடுக்காக இதழ், உள்ளே தேனும் கிடையாது, நுழைய வழியும் கிடையாது. தேனீக்குச் சாப்பாடு போடுகிற பூவாக, வருஷா வருஷம் தானே வருகிற செடியாக ஒன்று வைப்போம்" என்றார். ஹிமாச்சலில் இருந்த நண்பர் ஒருவரிடமிருந்து மொனார்டா விதை வரவழைத்தார். சிகரெட் சாம்பலை மடித்து அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன், அவ்வளவு பொடி.

கவிதா, உன் அம்மாவை இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல். தசரா முடிந்து வெயில் இறங்கியதும் விதைக்க வேண்டும். விதையை மண்ணின் மேலே தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும், மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். நாற்று நாலு இலை விட்டதும் பிரித்து நடு. காலை வெயில் விழுந்து, பதினொரு மணிக்கு மேல் மர நிழல் வருகிற இடமாகப் பார். செடிக்குச் செடி ஒரு முழத்துக்குக் குறையாமல் இடம் விடு, நடுவே காற்று ஓட வேண்டும். தண்ணீர் காலையில், வேரில் மட்டும். இலைமேல் ஊற்றினாயோ, மழைக்காலத்தில் சாம்பல் நோய் வந்து இலை முழுக்க விபூதி பூசிய மாதிரி ஆகிவிடும். பூ முடிந்ததும் நாலு விரல் விட்டு மீதியை வெட்டிவிடு. பாத்தியின் அடியில் உடைத்த செங்கல்லும் மணலும் போட்டு மேடாக்கிக்கொள், ஜூலையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

இவ்வளவையும் நாங்கள் செத்த செடிகளிடமிருந்துதான் கற்றோம். முதல் கோடையில் லூ என்கிற அனல் காற்றில் முக்கால்வாசி போயிற்று. மிச்சம் இருந்தவை மழையில் விபூதி பூசிக்கொண்டன. அடுத்த வருஷமும் அதே கதை. மூன்றாவது வருஷ ஆகஸ்டில் நர்சரி மூலையில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அக்கம்பக்கத்துச் செடிகள் வெளுத்துக் கிடக்க, இதன் இலையில் ஒரு பொட்டு சாம்பல் கிடையாது. அதன் விதையைப் போட்டுப் பார்த்தோம், பிள்ளைகளுக்கு அந்தக் குணம் வரவில்லை. வேரைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும் என்று ஆனது. அதற்காகப் பிப்ரவரியில் தோண்டி, கட்டை பாய்ந்த நடுப்பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்தில் ஓடும் இளம் வேர்களை நட்டோம். அதற்குள் நர்சரி இடத்தை கார் ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் முன்புறப் பாத்தி ஒன்றில் வைத்தோம். தில்லி வெயிலையும் மழையையும் தாங்குகிற மொனார்டா எங்களிடம் இருந்தது அந்த ஒரு பாத்தியில்தான். என் சர்வீஸில் நானே உண்டாக்கினேன் என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. மற்றதெல்லாம் லாரியில் வந்து லாரியில் போனது.

அந்த வருஷம் பூத்தது, மழையைத் தாண்டியது, குளிர் வந்ததும் முறைப்படி மேலே காய்ந்து, வேரை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்தது. அக்டோபரில் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சௌத்ரி வந்திருந்தார். சௌத்ரி என்றால் மாலிகளுக்குத் தலைவர். பெயர் கிஷன்லால். வேலைக்காலம் முழுக்க ரவுண்டானாக்களில் இருந்தவர். பாத்தி ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டுவார். உதிர்ந்த இலை ஒன்று தரையில் கிடந்தால் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். எனக்கு அவரை வந்த நாளிலேயே பிடித்துவிட்டது. தினமும் பதினொரு மணிக்கு இஞ்சி டீ போட்டு, முதல் டம்ளரை எனக்குத்தான் தருவார்.

ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று பனி மூட்டம் இன்னும் விலகவில்லை. கேட்டிலேயே கிஷன்லால் காத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மேடம், ஒண்ணு காட்டறேன்" என்று ஹிந்தியில் சொல்லி அழைத்துப்போனார். மொனார்டா பாத்தி நிறைய பேன்சி, டாக் ஃப்ளவர் என்று குளிர்காலப் பூக்கள் கொழித்துக்கொண்டிருந்தன.

"நீங்க ஊருக்குப் போன நேரம் பார்த்து உங்க செடி செத்துப்போச்சு மேடம். பாவம், ஆசையா வச்சது. திடீர்னு மேலேயிருந்து ஒரு பெரிய சாகிப் வர்றார்னு சொல்லிட்டாங்க. காலிப் பாத்தியைப் பார்த்தா உங்க பேர்லதானே மெமோ வரும். ஒரே நாள்ல காஞ்ச வேரெல்லாம் தோண்டிப் போட்டுட்டு அறுபது தொட்டி இறக்கிட்டேன். சாகிப் நின்னு பார்த்து 'பஹுத் அச்சா', ரொம்ப நல்லா இருக்குன்னார். உங்க இஜ்ஜத்தை, மானத்தைக் காப்பாத்திட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அறுபது தொட்டியையும் ஒரே உதையில் சாய்த்திருப்பேன். ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கிறேன், எனக்காக ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்துவிட்டு ஒரு நல்ல வார்த்தைக்காக நிற்கிறார். என்னத்தைத் திட்டுவது? கருவி ரூமுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து, தமிழில் தெரிந்த வசவு அத்தனையையும் திட்டித் தீர்த்தேன். அப்புறம் தில்லான் சாகிபுக்குப் போன் செய்தேன்.

"சார், மொனார்டா பாத்தியைத் தோண்டி எறிஞ்சுட்டாங்க."

"ஃபிர்?"

"ஃபிர் என்ன ஃபிர், எல்லாம் போச்சு சார்" என்று கத்தினேன். மேலதிகாரியிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

"எங்கே எறிந்தார்கள்?" என்று கேட்டார்.

சமையலறைக்குப் பின்னால் இலைக்குழி. தோட்டத்துச் சருகு, சமையலறைக் கழிவு எல்லாம் அதில்தான் விழும். அரை மணியில் தில்லான் சாகிப் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து, குழி ஓரத்தில் தொட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கிஷன்லாலுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நான் விளக்கவில்லை, சாகிப்தான் மெல்லச் சொன்னார். உடனே கிஷன்லால் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

மொனார்டா வேர் என்றால் கீறி முகர்ந்தால் தெரியும். ஆனால் அது ஜனவரி மாத தில்லி. மாலிகளில் மூக்கு ஒழுகாத ஆளே இல்லை. எனக்கு ரயிலிலேயே ஜலதோஷம் பிடித்துவிட்டது. சாகிப் மூன்று துண்டை முகர்ந்துவிட்டு "எனக்கும் ஒன்றும் தெரியவில்லை" என்றார். வேறு வழியில்லாமல் நாலு பட்டைத் தண்டா, ஓடுகிற வேரா என்று விரலால் தடவிப் பார்த்து அப்படிப்பட்ட துண்டையெல்லாம் பொறுக்கினோம். ஆற்று மணலும் இலை மக்கும் சரிபாதி கலந்து சின்னத் தொட்டிகளில் ஊன்றி, தெற்குச் சுவர் ஓரம் வைத்து, மூங்கில் வளைத்து மேலே பாலிதீன் போர்த்தினோம். அந்தச் செவ்வாய்க்கிழமை மலை மந்திருக்குப் போய் முருகனிடமும் ஒரு விண்ணப்பம் போட்டேன்.

பிப்ரவரி பாதியில் துளிர் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தில்லான் சாகிப் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, "புதினா" என்றார். அடுத்த தொட்டி, புதினா. அதற்கடுத்ததும் புதினா. சமையலறையிலிருந்து கட்டுக்கட்டாகக் குழிக்கு வந்த புதினாத் தண்டும் நாலு பட்டைதான், வேரும் அதே மாதிரி ஓடுகிற வேர்தான். அதைத்தான் நாங்கள் பச்சைப்பிள்ளை மாதிரி போர்த்தி வைத்து வளர்த்திருக்கிறோம். முளைக்காத தொட்டிகள் அழுகிவிட்டன. சமையல்காரர் மட்டும் சந்தோஷமாகச் சட்னி அரைத்தார்.

கிஷன்லால் பதினொரு மணி டீக்கு வருவதை நிறுத்திவிட்டார். டீ போடுவார், என் டம்ளரை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்புவார். நான் எதிரே வந்தால் ஏதாவது ஒரு வேலியைக் கட்டப் போய்விடுவார். "சௌத்ரிஜி, விடுங்க, எனக்காகத்தானே செஞ்சீங்க" என்று ஒருநாள் வழிமறித்துச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். செடி போன வருத்தத்தைவிட அவர் இப்படி ஒதுங்கியதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

மார்ச்சில் ஒருநாள், புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றது. "ருக்கோ, ருக்கோ", நிறுத்து நிறுத்து என்று சத்தம். போய்ப் பார்த்தால், கிஷன்லால் மெஷினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். புல் வெட்டுகிறவர் விழிக்கிறார். பாத்தியின் செங்கல் ஓரத்துக்கு வெளியே, புல்லுக்குள், நுனி வெட்டுப்பட்ட நாலைந்து துளிர்கள். இலை அடியில் லேசாக ஊதா நிறம். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மொனார்டாவின் நடுப்பகுதி கிழமாகும், இளவேர் வெளியே நடக்கும். பாத்தியைத் தோண்டினார்கள் சரி, அதற்கு முன்பே அது செங்கல்லுக்கு அடியில் நுழைந்து புல்வெளிக்குப் போய்விட்டிருக்கிறது.

"எப்போ பார்த்தீங்க?"

"பத்து நாளாச்சு மேடம்."

"ஏன் சொல்லலை?"

"இதுவும் புதினாவா இருந்துட்டா? இன்னொரு தடவை உங்க மூஞ்சியைப் பார்க்க முடியாது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தினம் காலைல ஒரு இலை மென்னு பார்த்தேன். ரொம்ப இளசு, ருசி தெரியலை. இன்னிக்கு நாக்கு சுட்டுச்சு. புதினா குளிரும். இது சுடுது."

ஒரு இலையை எனக்குக் கிள்ளிக் கொடுத்தார். மென்றேன். ஓமத்தை அள்ளி வாயில் போட்ட மாதிரி சுரீரென்றது. அந்தப் புல்வெளியிலேயே உட்கார்ந்து அழுதேன், இதில் சொல்ல என்ன வெட்கம். புல் வெட்டுகிறவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கிஷன்லால் சுற்றிலும் செங்கல் அடுக்கிவிட்டு, அன்றைக்கு டீயைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார்.

சாகிபுக்குப் போன் செய்து சொன்னேன். "ஃபிர்?" என்றார். இந்தத் தடவை கோபம் வரவில்லை. இந்தக் கோடையில் கையே வைக்கக் கூடாது, சுற்றிலும் புல்லைச் செதுக்கி எடுத்துவிடலாம், மழைக்கு முன்னால் மேடாக்கலாம், அடுத்த பிப்ரவரியில் பிரிக்கலாம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "டீக் ஹை", சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மே மாதத்தில் ஏழெட்டுப் பூ பூத்தது. ஏழெட்டுத்தான். ஆனால் ஊரே காய்ந்து கிடக்கும்போது வேறு சாப்பாடு ஏது? கொம்புத் தேனீ காலை முழுக்க மொய்த்தது. பெரிய கருவண்டுகள் வந்து உட்கார்ந்து தண்டையே வளைத்தன. தேன்சிட்டு ஒன்று குழாய் குழாயாக மூக்கை விட்டுப் பார்த்தது. பின்பக்கம் வெள்ளரிப் பிஞ்சு சில உதிராமல் நின்றன. மொனார்டாவுக்கு வந்த தேனீயால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். தில்லான் சாகிப் கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்து பார்த்தார். அன்று அவர் ஃபிர் சொல்லவே இல்லை. செடி மழையைத் தாண்டியதையும் பார்த்துவிட்டு, அந்த இலையுதிர் காலத்தில் அவர் ஓய்வு பெற்றார்.

புது சாகிப் வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் கறார். இரண்டு தோட்டங்களில் மெமோ கொடுத்துவிட்டார் என்று செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. மறுபடி ஜனவரி, மறுபடி இன்ஸ்பெக்‌ஷன். புல்லைச் செதுக்கி உண்டாக்கிய புதுப் பாத்தியில் மொனார்டா காய்ந்து மண்ணோடு படுத்திருந்தது. கிஷன்லாலுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். தொட்டி லாரி வந்தது. எல்லாத் தொட்டிகளையும் மற்ற பாத்திகளுக்கு அனுப்பினார். "இதுக்கு வேண்டாமா சௌத்ரிஜி?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். சருகைச் சீராகப் பரப்பி, ஓரத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டி, பக்கத்தில் நின்றுகொண்டார். தோட்டம் முழுக்கப் பூ, நட்டநடுவே இந்தப் பாத்தி மட்டும் வெறும் சருகு.

சாகிப் வந்தார். நேராக அங்கேதான் நின்றார். "இந்தப் பாத்தி ஏன் காலி?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிஷன்லால் ஓரடி முன்னால் வந்துவிட்டார். "காலி இல்லை சாகிப்" என்றார். பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒற்றை விரலால் சருகை விலக்கிக் காட்டினார். அரிசி அளவுக்குச் செந்நிற முளைகள். "ஏப்ரல்ல வாங்க சாகிப். இப்போ தொட்டி இறக்கினா வேர் போயிடும். இறக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். எழுதறதுன்னா என் பேர்ல எழுதுங்க."

சாகிப் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முளையைப் பார்த்தார். "அச்சா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நடந்தார்.

கிஷன்லால் எழுந்திருக்கவில்லை. விலக்கிய சருகை ஒவ்வொன்றாக எடுத்து முளைகளின் மேல் மூடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய்க் குனிந்து, "பயந்துட்டீங்களா சௌத்ரிஜி?" என்று கேட்டேன்.

"ரொம்ப" என்றார். "காலெல்லாம் நடுங்கிடுச்சு மேடம். அதான் உட்கார்ந்துட்டேன்."